முன்வரிசைக்கு வாங்க, சித்தி!

"வீல்...!"

மணமகள் அறையிலிருந்து ஒரு பெண்ணின் அலறல்.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது!

அவர்கள்மேல் தப்பில்லை. மேடையில் மைக்கோடு நின்ற ஜெரின் அந்த நொடியில்தான் தன் சுவர்க் கடிகார ஜோக்கை முடித்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஒருத்தி அலறினால், அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றுதானே ஜனம் நினைக்கும்?

ஜெரினுக்கு லேசாக வயிறு எரிந்தது. மூன்று வருஷமாகச் செதுக்கிய ஜோக். அதைவிட அந்த அலறலுக்குக் கைதட்டல் அதிகம்!

இரண்டாவது அலறலில் வார்த்தைகளும் இருந்தன.

"ஐயோ ஆண்டவரே, நகைப் பெட்டியக் காணோமே..."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய மண்டபம் அது. காலையில் சர்ச்சில் கல்யாணம், மாலையில் வரவேற்பு. மணப்பெண் அனிஷா, ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் தேவப்பிரியத்தின் ஒரே மகள். மாப்பிள்ளை எபினேசர். இரும்புக்கடைக் குடும்பம். அலறியது எபினேசரின் அம்மா தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் சாதாரண மாமியார் இல்லை. மருமகள் காலையில் சர்ச்சுக்குப் போட்டு வந்த அத்தனை நகையையும் கழற்றி ஒரு பெட்டியில் வைத்து, 'பத்திரமா இருக்கட்டும்' என்று அறையில் வைத்திருந்தாள். வரவேற்பு முடிந்ததும் பெட்டி நேராக அவள் வீட்டு பீரோவுக்குப் போகவேண்டியது. அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எந்தக் கல்யாண மண்டபத்தில்தான் தாழ்ப்பாள் உருப்படியாக இருந்திருக்கிறது? அதனால் தன் தங்கைகள் இரண்டு பேரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். யார் உள்ளே போனாலும் கூடவே ஒருத்தி போகவேண்டும் என்று உத்தரவு. ஒரு சித்தி பச்சைப் பட்டு, இன்னொரு சித்தி ஊதாப் பட்டு. ஈ, எறும்பு நுழைய முடியாது.

அந்தக் காவலைத்தான் ஜெரின் கலைத்தான்!

வேண்டுமென்றா? இல்லை. முன்வரிசை காலியாக இருந்தால் எந்தக் காமெடியனுக்கும் கை கால் ஓடாது. சிரிப்பு முன்னாலிருந்துதான் பின்னால் பரவும். அதனால் மேடையேறியதுமே ஜெரின் செய்கிற முதல் வேலை, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களை முன்னால் இழுப்பது.

"முன்வரிச இப்டி காலியா கீதே... எனக்கே பல்லு வுழுந்தாப்ல கீது. அங்க கதவாண்ட பச்சப் புடவ சித்தி, ஊதாப் புடவ சித்தி, முன்வரிசைக்கு வாங்க. நீங்க சிரிச்சாதான் எனக்குச் சோறு."

சித்திகள் வெட்கப்பட்டார்கள். மண்டபம் கைதட்டிக் கூப்பிட்டது. வந்தார்கள். உட்கார்ந்தார்கள். சிரித்தார்கள். இதோ, பெட்டியைக் காணோம்!

*

இன்ஸ்பெக்டர் ரெஜினா வந்ததும் மண்டபத்தின் வாசல் கதவு மூடப்பட்டது. பிரியாணி வாசனை மட்டும் உள்ளே வெளியே போய் வந்துகொண்டிருந்தது.

ரெஜினா நேராக மேடைக்குப் போய் மணமக்கள் சோபாவில் உட்கார்ந்தார். வீடியோக்காரர் பழக்கதோஷத்தில் அவர்மேல் விளக்கைத் திருப்ப, ஒரு பார்வை பார்த்தார். விளக்கு தானாக அணைந்தது போலிருந்தது.

தங்கபுஷ்பம் அழுகையும் ஆத்திரமுமாக விஷயத்தைச் சொன்னாள். கடைசியில் விரல் ஜெரினை நோக்கி நீண்டது.

"இவன்தான் எந்தங்கச்சிமாரை ஆச காட்டி முன்னால கூப்பிட்டான். எல்லாரையும் சிரிக்க வச்சிட்டு, இவன் ஆளு பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கான். வேற யாரு?"

ரெஜினா ஜெரினை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு?"

"ஜெரின் மேடம். வூடு கல்மண்டபத்துல. க்ளீன் காமெடி பண்றேன்."

"க்ளீன் காமெடின்னா?"

"கெட்ட வார்த்த கிடையாது. ரெட்ட அர்த்தம் கிடையாது. குடும்பத்தோட உக்காந்து கேக்கலாம்."

"பெட்டியக்கூட க்ளீனாதான் தூக்கிக்கீறாங்க," என்றார் ரெஜினா. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

ஜெரினுக்கு அந்த முகம்தான் பயமாக இருந்தது. சிரிக்காத முகத்தைக் கண்டால் எந்தக் காமெடியனுக்கும் நாக்கு வறளும். அதுவும் காக்கிச் சட்டை போட்ட சிரிக்காத முகம்!

அவன் பாடு அவனுக்குத்தான் தெரியும். ஆசையாகக் கூப்பிடுவதற்கே ஒரு கெட்ட வார்த்தையைத் துணைக்கு அழைக்கும் தெருவில் பிறந்தவன். எண்ணூரில் கன்டெய்னர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தான். நகரத்தின் தெற்கே இருந்த காமெடி கிளப்புகளில் 'மசாலா கம்மி' என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் மசாலாவைச் சேர்க்கவில்லை. சர்ச் கிறிஸ்துமஸ் விழா, காதுகுத்து, அப்பார்ட்மென்ட் ஆண்டு விழா என்று ஒவ்வொரு மேடையாக ஏறி, 'ஜெரினா? பாட்டி, பேத்தி எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்' என்று பேர் வாங்கினான். அடுத்த மாதம் ராயபுரத்தில் அவனுடைய முதல் டிக்கெட் ஷோ. போஸ்டர் அச்சாகிவிட்டது. கொட்டை எழுத்தில் ஒரே வார்த்தை: 'சுத்தம்.'

திருட்டு கேசில் பேர் வந்தால்? அந்தப் போஸ்டரைப் பார்த்து ஊரே சிரிக்கும். அவன் எழுதாத ஜோக்குக்கு!

"யார் உன்ன இங்க கூப்ட்டது?" என்றார் ரெஜினா.

"மாப்ள வூட்டுக்காரங்கதான் மேடம்..."

தங்கபுஷ்பம் திரும்பினாள். "நாங்களா? பொண்ணு வீட்டுல ஏற்பாடு பண்ணியிருக்காவன்னுல்லா நாங்க நெனச்சோம்."

தேவப்பிரியம் தயங்கித் தயங்கி எழுந்தார். தாங்கள் கூப்பிடவே இல்லை, மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு என்றுதான் இத்தனை நேரமும் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு ஏன் கேட்கவில்லை? கேட்டால் கௌரவம் என்னாவது? சம்பந்தி வீடு செய்ததை 'இது யார் செலவு' என்று கேட்பார்களா யாராவது?

இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் ஜெரினைப் பார்த்தார்கள்.

அழையாத வீட்டுக்கு வந்த காமெடியன்!

ஜெரின் கைபேசியை எடுத்தான். மாப்பிள்ளை வீடு என்று சொல்லி ஒரு நம்பரிலிருந்து செய்தி அனுப்பித்தான் தன்னை ஏற்பாடு செய்தார்கள், ஒரு தடவைகூடக் குரலில் பேசியதில்லை என்று சொன்னான். செய்தியைக் காட்டினான். ரெஜினா உரக்கப் படித்தார்.

"'ஒரு கெட்ட வார்த்தைகூட வரக் கூடாது. வயதான பெண்கள் எல்லாரும் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். வழக்கம்போல முன்வரிசைக்கு ஆள் கூப்பிடவும்.'"

படித்து முடித்ததும் ரெஜினாவின் புருவம் மெல்ல உயர்ந்தது.

"இப்ப புரியுது. வேற காமெடியன் வந்திருந்தா முத ஜோக்குலயே சித்திங்க மூஞ்சச் சுளிச்சிக்கினு கதவாண்டயே குந்தியிருப்பாங்க. பெட்டியத் தூக்கினவனுக்கு க்ளீன் காமெடியன்தான் தேவப்பட்டிருக்கான். உன் ஷோவ முன்னாடியே பாத்தவன் எவனோ."

"எவனோ இல்ல, இவனேதான்," என்றாள் தங்கபுஷ்பம். "தனக்குத் தானே செய்தி அனுப்பத் தெரியாதாக்கும்?"

ரெஜினா அதைக் கண்டுகொள்ளவில்லை. "நீ பேசறப்ப யாரு யாரு எழுந்து போனாங்க? நாபகம் கீதா?"

ஞாபகமா? காமெடியனிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது? சிரித்த முந்நூறு பேரை அவன் மறந்துவிடுவான். எழுந்து போன ஒருவனைச் சாகும்வரை மறக்கமாட்டான்!

ஜெரின் ஒப்பிக்க ஆரம்பித்தான். எண்ணூர் ஜோக்கில் கட்டம் போட்ட சட்டைக்காரர் போனில் பேசிக்கொண்டே போனார், சிரிக்காமல் திரும்பி வந்தார். தூண் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வழுக்கை மாமா பந்திக்கு இடம் பிடிக்கப் போனவர், வரவே இல்லை. நீலச் சுடிதார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தது, அம்மாதான் சிரிக்கவில்லை. அடையாளம் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும் நெளிந்தார்கள். வழுக்கை மாமா கையில் எலும்போடு வந்து தன் கட்சியைச் சொல்லிவிட்டுப் போனார். யாரும் மணமகள் அறைப் பக்கம் போகவில்லை.

ஒருத்தரை மட்டும் ஜெரின் சொல்லவில்லை. எண்ணூர் ஜோக்கின் நடுவில் மணப்பெண்ணே எழுந்து போனாள். அப்போது அவனுக்கு வலித்தது உண்மைதான். ஆனால் வரவேற்பின் பாதியில் புடவை மாற்றாத கல்யாணப் பெண் உண்டா? ரோஜா நிறத்தில் போனவள் மெரூன் நிறத்தில் வந்தாள். வரும் வழியில் யாரோ திணித்த பரிசுப் பெட்டி ஒன்று கையில் வேறு. கல்யாணப் பெண் நாலு எட்டு நடந்தாலே பரிசோடுதான் திரும்பவேண்டியிருக்கிறது, பாவம். அனிஷாவைத் தங்கபுஷ்பமே விசாரித்துவிட்டாள். தான் புடவை மாற்றும்போது பெட்டி இருந்தது என்று அவள் சொல்லியிருந்தாள். அதோடு, கல்யாண மேடையில் மணப்பெண்ணை எதற்குள்ளும் இழுப்பதில்லை என்பது ஜெரினின் தொழில் தர்மம்.

"அந்த நம்பருக்குப் போன் போடு," என்றார் ரெஜினா.

"சாயந்தரத்துலேர்ந்து ரெண்டு வாட்டி போட்டேன் மேடம். எடுக்கல."

"எடுக்க வேணாம். அடிச்சா போதும். எல்லாரும் வாயப் பொத்திக்கினு சும்மா இருங்க."

ஜெரின் எண்ணைத் தொட்டான்.

பந்தியில் இலை போடுகிறவர்கூட நின்றுவிட்டார்.

ட்ரிங்... ட்ரிங்...

சத்தம் மண்டபத்துக்குள்ளேதான்!

எல்லாரும் தங்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ட்ரிங்... ட்ரிங்... சத்தம் மேடையிலிருந்து வந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் பரிசுப் பெட்டிகள் மலைபோலக் குவிந்திருந்த இடத்திலிருந்து!

"சுவர்க் கடிகாரமா இருக்கும்," என்றார் தேவப்பிரியம் மெல்லிய குரலில்.

ரெஜினா குவியலைக் கலைத்தார். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி... ஜிகினாத் தூள் உதிரும் தங்க நிறக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி அவர் கையில் அதிர்ந்தது. காகிதத்தைக் கிழித்தார். உள்ளே பழைய கைபேசி ஒன்று. அதன் அடியில் தங்கபுஷ்பத்தின் சிவப்பு வெல்வெட் நகைப் பெட்டி!

"என் பெட்டி..." என்று பாய்ந்தாள் தங்கபுஷ்பம்.

ரெஜினா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கிழிந்த காகிதத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"படிக்கறேன், கேட்டுக்கோ. 'மணமக்களுக்கு அன்புடன்... ஜெரின், நகைச்சுவைக் கலைஞர்.'"

ஜெரின் எட்டி அந்தச் சீட்டைப் பார்த்தான்.

அவன் எந்தப் பரிசும் கொண்டுவரவில்லை! வேலைக்கு வந்த இடத்தில் யார் பரிசு கொடுப்பார்கள்?

"கையும் களவுமா," என்றார் ரெஜினா. "ஷோ முடிஞ்சதும் 'அய்யோ, தப்பான பெட்டி வச்சிட்டேன்'னு எடுத்துக்கினு போலாம்னு பாத்தியா? வண்டில ஏறு நைனா."

கூட வந்திருந்த ஏட்டு அவன் தோளில் கை வைத்தார். ஜெரினுக்குத் தன் அம்மா நினைவுக்கு வந்தாள். போஸ்டர் நினைவுக்கு வந்தது. மேடையிலிருந்து இறங்கத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தான்.

மணப்பெண்ணின் கை!

மருதாணி விரல்களில் தங்க நிற ஜிகினாத் தூள். அதே தூள். அவள் அவசரமாகப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். மெரூன் பட்டில் அது இன்னும் நன்றாக மின்னியது.

நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணூர் ஜோக்கில் எழுந்து போனாள். பரிசோடு திரும்பினாள். அந்தப் பரிசை யாரும் திணிக்கவில்லை!

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தப்பித்துவிடலாம். ஆனால் கல்யாணம் ஆகி ஒரு பொழுது முழுதாக முடியாத பெண்ணை, முந்நூறு பேர் முன்னால், போலீஸிடம் கை காட்டுவதா? மேடையில் ஒருத்தரையும் கை காட்டிச் சிரிக்கவைக்காதவன் அவன். அவனுக்குத் தெரிந்த வித்தை வேறு. ஜோக்குக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டுவிட்டு நின்றுகொள்வது. வெடிக்கவேண்டியது தானாக வெடிக்கும்.

"மேடம், வர்றேன். அதுக்கு மின்ன இந்த ஆன்ட்டிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கட்டா?"

ரெஜினா தலையசைத்தார்.

"ஆன்ட்டி... அந்த நக யாரோடது?"

"இதென்ன கேள்வி? எங்க வீட்டு நகை," என்றாள் தங்கபுஷ்பம்.

தேவப்பிரியம் தொண்டையைச் செருமினார். "சம்பந்தியம்மா... அது எம்மகளுக்கு நான் போட்டதுல்லா?"

"போட்டீய, சரி. மக இப்ப எங்க வீட்டுப் பொண்ணு. அப்ப நகை யாரு வீட்டுது? எம் பீரோவுலதான இருக்கப் போவுது?"

"பீரோ உங்களுது. நகை..."

"நகை?"

ஜெரின் வாயே திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னோடது."

குரல் பின்னாலிருந்து வந்தது. மெரூன் புடவை எழுந்து நின்றது.

"நகை என்னோடது, அத்தை. பெட்டிய எடுத்ததும் நான்தான். இவரைக் கூப்பிட்டதும் நான்தான். அவரை விட்டுடுங்க மேடம்."

மண்டபத்தில் ஊசி விழவில்லை. ஆனால் ஊதாச் சித்தியின் கையிலிருந்த ஐஸ்கிரீம் ஸ்பூன் விழுந்தது.

அனிஷா எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம் பேசிய நாளிலிருந்தே அத்தையின் பீரோவைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மூத்த மருமகளின் நகை அதற்குள் போய், அவள் பிள்ளைக்குக் காது குத்துகிற அன்றுகூட வெளியே வரவில்லை. கேட்டால் சண்டை. கேட்காவிட்டால் நகை இல்லை. அதனால் யாருக்கும் தெரியாமல் தன் நகையைத் தானே வைத்துக்கொள்ள நினைத்தாள். வாசலில் சித்திகள் நகரமாட்டார்கள். நகர்த்துவதற்கு ஒரே வழி, அவர்கள் தைரியமாக உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி ஒரு காமெடியன். ஜெரினின் நிகழ்ச்சியைச் சர்ச்சில் பார்த்திருக்கிறாள். இரண்டு வீட்டாரும் கௌரவம் பார்த்து யார் கூப்பிட்டது என்று கேட்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பழைய கைபேசியை மறைப்பதற்காகப் பெட்டிக்குள் போட்டவள், அவசரத்தில் அதை அணைக்க மறந்துவிட்டாள்.

"என் பேர ஏன்மா எழுதின?" ஜெரினால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். "சாரிங்கண்ணா. சொந்தக்காரங்க பரிசெல்லாம் வீட்டுக்குப் போனதும் அத்தை முதல்ல பிரிப்பாங்க. யார் என்ன செஞ்சாங்கன்னு பார்த்துத்தானே நாளைக்குத் திருப்பிச் செய்யணும்? காமெடியன் குடுத்ததை யாரும் பிரிக்க மாட்டாங்க. உங்களுக்கு இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்லை."

தங்கபுஷ்பம் ரெஜினாவின் பக்கம் திரும்பினாள். "மேடம், கேட்டீயளா? வந்த மொத நாளே திருட்டு. எழுதுங்க கேஸ."

ரெஜினா சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னான்னு எழுதறது? நகைக்குச் சொந்தக்காரி நகைய எடுத்து, அவ கல்யாணப் பரிசோட வச்சிக்கீறா. பொண்ணுக்குப் போட்ட நக பொண்ணுக்குத்தான் சொந்தம். இந்தப் பையன் மேல கேஸு இல்ல. இந்தப் பொண்ணு மேலயும் இல்ல. இதுக்கு மேல எழுதணும்னா, அந்த மூத்த மருமக நகையப் பத்திதான் எழுதணும். எழுதட்டா?"

தங்கபுஷ்பம் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் அது நடந்ததே இல்லை.

இத்தனை நேரமும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எபினேசர் எழுந்தான். பெட்டியை ரெஜினாவின் கையிலிருந்து வாங்கினான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அனிஷாவின் கையில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் ஒட்டி நின்றான். அவ்வளவுதான் செய்தான். கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் படபடவென்று கைதட்டினாள். மூத்த மருமகள்!

ரெஜினா ஜெரினைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கடிகார ஜோக்குதான் என்ன, எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்களே என்று கேட்டார்.

ஜெரின் மைக்கை எடுத்தான்.

"எங்க வூட்ல கல்யாணத்துக்கு வந்த கடிகாரமே பதினொண்ணு மேடம். ஒண்ணொண்ணும் ஒரு நேரம் காட்டும். எங்கப்பா எது ஸ்லோவோ அதப் பாத்து வேலைக்குப் போவாரு. எது ஃபாஸ்ட்டோ அதப் பாத்து சோத்துக்கு உக்காருவாரு."

மண்டபம் மறுபடி சிரித்தது. ரெஜினா சிரிக்கவில்லை.

ஜெரினின் முகம் தொங்கிப்போனது. கேசிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் பாதி போய்விட்டது. எழுந்து போனவர்கள் பட்டியலில் இனி சிரிக்காத இந்த முகமும் சாகும்வரை இருக்கும்.

பந்தியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறப் போன ரெஜினா, ஜெரினை விரலைக் காட்டிக் கூப்பிட்டார். அவன் பதறிக்கொண்டு ஓடினான். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் எங்க வூட்ல ஒரு விசேஷம் கீது. நீ வந்து காமெடி பண்ணு. உன் நம்பர் குடு."

"கண்டிப்பா வர்றேன் மேடம். இன்னா மாதிரி ஜோக்கு வேணும்?"

ரெஜினாவின் உதட்டோரம் முதல் தடவையாக விரிந்தது. பிறகு பற்கள் தெரிந்தன. பிறகு, ஆமாம், முழுச் சிரிப்பே வந்துவிட்டது.

"எது வேணா சொல்லு நைனா. ஒரு கெட்ட வார்த்தகூட வரக் கூடாது. வந்துச்சின்னா எங்க மாமியார் முன்வரிசலேர்ந்து எந்திரிச்சி ரூமுக்குப் பூடும்... பீரோ அங்கதான் கீது."